பழைய பைக்குக்கு போல்ட் தேடுறீங்களா? கடைக்குப் போகும் முன் இந்த 5 விஷயங்களைத் தெரிஞ்சுக்கோங்க!

அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ்100, தாத்தா விட்டுப்போன புல்லட், ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய யெஸ்டி... பழைய வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிஸ்டன், கிளட்ச் பிளேட் எல்லாம் அலைந்து திரிந்தாவது வாங்கிவிடுவார்கள். கடைசியில் மாட்டிக்கொள்வது ஒரு சின்ன போல்ட்டில்தான்.

'அதானே, டப்பாவுல தேடினா ஒண்ணு கிடைச்சுடும்' என்று நினைப்போம். கிடைக்கும்தான். ஆனால், அது 'கிட்டத்தட்ட' சேர்கிற போல்ட்டாக இருக்கும். அந்தக் கிட்டத்தட்டதான் ஆபத்து. அலுமினிய இன்ஜின் கேஸில் தப்பான போல்ட்டை முடுக்கினால் உள்ளே இருக்கும் மரை உருண்டுவிடும். போல்ட்டை இன்னொன்று வாங்கலாம். உற்பத்தி நின்றுபோன வண்டியின் கேஸை எங்கே போய் வாங்குவது? அதே தப்பு பிரேக்கில் நடந்தால், போவது உதிரிபாகம் மட்டும் இல்லை.

கள்ளிக்குப்பம், புதூர், அம்பத்தூர் ஓ.டி பக்கம் இருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் போல்ட் ஊரிலேயே குடியிருக்கிறீர்கள். 1964-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பக்கத்துப் பாடியில்தான் 1966-ல் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் ஆரம்பிக்கப்பட்டது. லேத் பட்டறை, பிளேட்டிங் யூனிட், ஹார்டுவேர் கடை எல்லாம் இந்த வட்டாரத்திலேயே உண்டு. ஆக, போல்ட் கிடைக்காதது இங்கே பிரச்னை இல்லை. எந்த போல்ட் வேண்டும் என்று கேட்கத் தெரியாததுதான் பிரச்னை.

முதல் விதி: பழசைத் தூக்கிப் போடாதீங்க

உடைந்ததோ, துருப்பிடித்ததோ, தலை தேய்ந்ததோ... கழற்றிய போல்ட்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்க. அதோடு சேரும் நட்டு, வாஷரையும் விடாதீங்க. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் தலையின் வடிவம் தெரியும், மரை தெரியாது.

"எட்டு எம்எம் போல்ட் ஒண்ணு குடுங்கண்ணே" என்றால் கடைக்காரர் ஏதோ ஒன்றைத் தருவார். ஒரு போல்ட்டுக்கு ஒரு அளவு அல்ல, 5 விவரங்கள் இருக்கின்றன: விட்டம், பிட்ச், நீளம், தலை, கிரேடு.

1. விட்டம்: ஸ்பானர் நம்பரை நம்பாதீங்க

பலரும் செய்யும் குழப்பம் இது. '10-ம் நம்பர் ஸ்பானர் போடுறோம், அப்போ அது 10 எம்எம் போல்ட்' என்று நினைத்துக்கொள்வது. ஸ்பானர் நம்பர் என்பது தலையின் அகலம். போல்ட்டின் அளவு என்பது மரை இருக்கும் தண்டின் விட்டம். 10-ம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும் போல்ட் பெரும்பாலும் 6 எம்எம். கடை மொழியில் அது எம்6.

வெர்னியர் காலிப்பர் இருந்தால் மரையின் மேல் விளிம்பில் வைத்து அளந்து பாருங்க. எம்6 போல்ட் சரியாக 6.00 காட்டாது, ஒரு பொடி குறைவாகத்தான் காட்டும். 7.9 காட்டினால் எம்8 என்று எழுதிவிடாதீங்க. பழைய புல்லட்டில் அது 5/16 அங்குல போல்ட்டாகவும் இருக்கலாம். அதன் விட்டம் 7.94 எம்எம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மரைதான் காட்டிக்கொடுக்கும்.

2. பிட்ச்: இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க

ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பிட்ச். விட்டம் ஒன்றாக இருந்து பிட்ச் மாறினால் போல்ட் இரண்டு சுற்று உள்ளே போய் இறுகும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் கதை முடிந்தது.

பொதுவாகக் கிடைக்கும் மெட்ரிக் அளவுகள் இவை:

• எம்5: பிட்ச் 0.8

• எம்6: பிட்ச் 1.0

• எம்8: பிட்ச் 1.25

• எம்10: பிட்ச் 1.5

கடைசி வரியில்தான் கண்ணி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் வெறுமனே 'எம்10' என்று கேட்டால் 1.5 பிட்ச் வரும். ஆனால், ஜப்பானிய டிசைன் வண்டிகளில் 10 எம்எம் போல்ட்டுகள் பெரும்பாலும் 1.25 பிட்ச். அதனால் 'எம்10, ஒன்று புள்ளி இரண்டு அஞ்சு, ஃபைன் த்ரெட்' என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்க.

பிட்ச் கேஜ் என்ற சின்னக் கருவி ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். விசிறி மாதிரி விரியும். எந்தப் பல் மரையில் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதோ அதுதான் பிட்ச். அது இல்லையென்றால் ஸ்கேல் போதும். ஒரு மரை முனையில் தொடங்கி 10 மரை தள்ளி இருக்கும் முனைவரை அளங்க. 10 எம்எம் வந்தால் பிட்ச் 1.0, 12.5 வந்தால் 1.25.

அதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. பழைய போல்ட்டையும் புது போல்ட்டையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. பல்லோடு பல் முழு நீளத்துக்கும் பொருந்தி, நடுவில் வெளிச்சம் வராமல் இருந்தால் ஒரே பிட்ச். ஒரு முனையில் சேர்ந்து மறுமுனையில் விலகினால், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துடுங்க.

3. நீளம்: ஒரு மரை கூடினாலும் வம்பு

சாதாரண அறுகோணத் தலை போல்ட்டில் தலைக்குக் கீழே இருந்துதான் நீளத்தை அளக்க வேண்டும். தலை உள்ளே புதையும் கவுன்டர்சங்க் ஸ்குரூவுக்கு மட்டும் தலையையும் சேர்த்து அளப்பார்கள்.

நீளம் கூடினால் போல்ட் ஓட்டையின் அடியில் முட்டும். முடுக்க முடுக்க கவர் இறுகாது. கேஸ்தான் விரிசல் விடும். குறைந்தால் இரண்டு, மூன்று மரைதான் பிடிக்கும். அத்தனை பாரமும் அதில் விழுந்து மரை உருவிக்கொண்டு வரும். அலுமினியத்தில் போல்ட் விட்டத்தைப் போல குறைந்தது ஒன்றரை மடங்கு ஆழமாவது மரை பிடித்திருக்க வேண்டும். எம்6 என்றால் 9 எம்எம்.

இன்ஜின் சைடு கவரில் ஒரே மாதிரி தெரியும் ஸ்குரூக்கள் இரண்டு, மூன்று நீளங்களில் இருக்கும். கழற்றும்போதே ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்குரூவோ அந்த இடத்தில் குத்தி வைங்க. மாட்டும்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

4. தலை: 12-ஆ, 13-ஆ?

ஜப்பானிய வழக்கத்தில் வந்த வண்டிகளில் எம்8 போல்ட்டுக்கு 12-ம் நம்பர் ஸ்பானர், எம்10-க்கு 14. பொது ஹார்டுவேர் கடை போல்ட்டில் எம்8-க்கு 13, எம்10-க்கு 17 அல்லது 16. மரை சேர்ந்தாலும், குறுகலான இடத்தில் பெரிய தலை உட்காராமல் இடிக்கலாம். அடியிலேயே வாஷர் சேர்ந்த மாதிரி இருக்கும் ஃபிளாஞ்ச் போல்ட் கழற்றிய இடத்தில் ஃபிளாஞ்ச் போல்ட்டே போடுங்க. இல்லையென்றால் தனி வாஷர் வேண்டும். அப்போது நீளக் கணக்கும் மாறும்.

இன்னொன்று, ஜப்பானிய வண்டிகளின் கேஸில் இருக்கும் 'ஸ்டார்' ஸ்குரூ, நம் வீட்டு பிலிப்ஸ் ஸ்குரூடிரைவருக்கானது இல்லை. ஜேஐஎஸ் என்கிற ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டது. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை வாங்கி வைங்க. இறுகிப் போனதற்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் நல்லது. கழற்றிய பிறகு அந்த இடத்தில் ஆலன் போல்ட் மாற்றிக்கொள்கிறவர்கள் நிறைய. தாராளமாக மாற்றலாம். ஆனால், ஆலன் கீ கையில் இருக்கும் தைரியத்தில் ஓவராக முடுக்கி மரையைக் காலி பண்ணிடாதீங்க.

5. கிரேடு: தலையில் எழுதியிருப்பதைப் படிங்க

போல்ட் தலையில் 4.6, 8.8, 10.9 என்று எண் இருக்கும். அது கம்பெனி நம்பர் இல்லை, பலம். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் எவ்வளவு இழுவிசையில் அறும் என்பது மெகாபாஸ்கலில் வரும். இரண்டாவது எண், அதில் எத்தனை சதவீதத்தில் போல்ட் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்பதைச் சொல்லும். 8.8 என்றால் 800-ல் அறும்; அதில் 80 சதவீதமான 640-ல் நீள ஆரம்பிக்கும். 10.9 என்றால் 1,000-மும் 900-மும்.

எண்ணே இல்லாத போல்ட்டை மட்கார்டு, நம்பர் பிளேட், சைடு பாக்ஸோடு நிறுத்திக்கோங்க. இன்ஜின் மவுன்டிங், ஃபுட்ரெஸ்ட் மாதிரி பாரம் தாங்கும் இடத்தில் 8.8-க்குக் கீழே போகக் கூடாது. பழைய போல்ட்டில் என்ன எண் இருந்ததோ, அதற்குக் குறையாமல் வாங்குவதுதான் பாதுகாப்பு.

'துருவே பிடிக்காது, பளபளன்னு இருக்கும்' என்று எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுகிறவர்கள் கவனிங்க. கடையில் அதிகம் கிடைக்கும் ஏ2-70 வகை 700-ல் அறும். ஆனால், 450-லேயே நீள ஆரம்பித்துவிடும். 8.8 இருந்த இடத்துக்கு அது ஈடாகாது. அலுமினியத்தோடு ஸ்டெயின்லெஸ் சேர்ந்து ஈரமும் பட்டால், அரிப்பது அலுமினியத்தை. மழைக்கால அம்பத்தூர் ரோடுகளில் ஈரத்துக்கா பஞ்சம்? அழகுக்குப் போடும் இடத்திலும் ஆன்டி-சீஸ் தடவித்தான் போடணும்.

உங்க வண்டி எந்த மரை?

ஆர்எக்ஸ்100 (1985-ல் வந்து 1996 வரை தயாரானது), ஹீரோ ஹோண்டா சிடி100, டிவிஎஸ் கூட்டணியில் வந்த சுஸுகிகள், கவாஸாகி பஜாஜ் கேபி100 எல்லாம் ஜப்பானிய டிசைன். முழுக்க மெட்ரிக். அதனால் இவற்றுக்கு போல்ட் தேடுவது சுலபம். மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி செக்கோஸ்லோவாக்கிய டிசைன், அதுவும் மெட்ரிக்தான். ஆனால், ஜப்பானியத் தலை அளவுகளை அதில் எதிர்பார்க்காதீங்க.

புல்லட் கதை வேறு. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் அங்குலக் கணக்கில் வரையப்பட்ட வண்டி அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கியபோது பிரிட்டிஷ் மரைகளும் கூடவே வந்துவிட்டன. ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த 55 டிகிரி மரை, அதிலிருந்து வந்த பிஎஸ்எஃப் என்ற நெருக்கமான மரை, அங்குலத்துக்கு 26 சுற்று உள்ள சைக்கிள் த்ரெட் என ஒரே வண்டியில் பல வகைகள். பிற்பாடு மெட்ரிக்கும் கலந்தது. அதிலும் உங்களுக்கு முன் வண்டி வைத்திருந்தவர் எந்த ஓட்டையில் என்ன டேப் போட்டு வைத்திருக்கிறாரோ, அது அவருக்கே வெளிச்சம். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் ஒவ்வொரு போல்ட்டையும் தனியாக அளப்பது ஒன்றே வழி.

முன்பு சொன்ன 5/16-ஐ எடுத்துக்குங்க. அந்த விட்டத்தில் பிஎஸ்எஃப் என்றால் அங்குலத்துக்கு 22 மரை. எம்8-ஐ அங்குலக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 20. இந்த இரண்டு மரை வித்தியாசத்தில்தான் எத்தனையோ புல்லட் கேஸ்கள் பாழாகியிருக்கின்றன.

எங்கே தேடலாம்?

ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுன்ட்டர்: உங்கள் மாடல் நின்றுபோயிருக்கலாம், போல்ட் நின்றுபோகவில்லை. ஹோண்டா, யமஹா நிறுவனங்களின் சாதாரண போல்ட்டுகளின் பார்ட் நம்பரிலேயே அளவு ஒளிந்திருக்கும். உதாரணமாக ஹோண்டாவில் 95701-06020 என்றால் 6 எம்எம் விட்டம், 20 எம்எம் நீளமுள்ள ஃபிளாஞ்ச் போல்ட். அதே அளவு இன்றைய வண்டிகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய பார்ட்ஸ் கேட்டலாக் பிடிஎஃப்-ஐ போனில் வைத்துக்கொண்டு போங்க. தலை அளவும் தானாகச் சரியாக வரும்.

அம்பத்தூர் வட்டார ஃபாஸ்டனர் கடைகள்: தொழிற்சாலைகளுக்கு சப்ளை செய்யும் கடைகளில் கேளுங்க. 8.8 ஆலன் போல்ட், ஃபிளாஞ்ச் போல்ட், நைலாக் நட், ஸ்பிரிங் வாஷர் எல்லாம் இவர்களுக்கு அன்றாடச் சரக்கு. பெட்டியாகத்தான் தருவோம் என்றால் நண்பர்களோடு பங்கு போட்டு வாங்கலாம். எம்6-ல் 16, 20, 25, 30 நீளங்களில் பத்துப் பத்து வீட்டில் இருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

பாரிமுனை, ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை: அம்பத்தூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து மூன்றுமே பக்கம்தான். பாரிமுனையின் ஹார்டுவேர் தெருக்களில் அங்குல போல்ட், ஸ்டெயின்லெஸ் ரகங்களைக் கேட்டுப் பாருங்க. மவுன்ட் ரோட்டை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் வண்டி ஸ்பேர்ஸ். பிரித்துப் போட்ட வண்டிகளின் பாகங்களுக்குப் புதுப்பேட்டை. அங்கே பிராக்கெட், கவர், விசித்திரமான வடிவ போல்ட் வாங்கலாம். ஆனால், ஏற்கெனவே ஒரு விபத்தைப் பார்த்த ஆக்ஸிலோ, பிரேக் போல்ட்டோ வேண்டவே வேண்டாம். உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

லேத் பட்டறை: எங்கேயும் கிடைக்காத அங்குல போல்ட், ஸ்பேசர், ஸ்டட் செய்துதருவார்கள். மாதிரியைக் கொடுத்து, எந்த இரும்பு என்றும் சொல்லுங்க. இஎன்8, இஎன்24 என்றால் அவர்களுக்குப் புரியும். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். தொழிற்சாலை போல்ட்டில் மரை அழுத்தி உருட்டப்படுகிறது. பிறகு சூடேற்றிக் கடினமாக்குகிறார்கள். லேத்தில் மரை வெட்டப்படுகிறது. பார்க்க ஒன்றாக இருந்தாலும் பலம் ஒன்றல்ல.

பழைய போல்ட்டுகளையே சுத்தம் செய்து சிங்க் பிளேட்டிங் போடவும் கொடுக்கலாம். ஆனால், 10.9, 12.9 கிரேடு போல்ட்டுகளைக் கொடுக்காதீங்க. பிளேட்டிங்கின்போது உள்ளே புகும் ஹைட்ரஜன், கடினமான இரும்பை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். முறைப்படி சூடேற்றி அதை வெளியேற்றாவிட்டால், சும்மா நிற்கும்போதே போல்ட் தலை தெறிக்கலாம்.

இந்த இடங்களில் சமரசம் கூடாது

• முன், பின் ஆக்ஸில். ஸ்விங் ஆர்ம் போல்ட்

• டிஸ்க், காலிப்பர் போல்ட்டுகள், பிரேக் ஹோஸின் பன்ஜோ போல்ட்

• ஹேண்டில்பார் கிளாம்ப், ஃபோர்க் கிளாம்ப்

• பின் ஸ்பிராக்கெட் போல்ட்டுகள்

• சிலிண்டர் ஹெட் ஸ்டட், கனெக்ட்டிங் ராட் போல்ட்

• டிரம் பிரேக் பிளேட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் டார்க் ராடின் நட்டு, போல்ட்

கடைசியில் இருப்பதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. அது கழன்றால், பிரேக் அடித்த நொடியில் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதில் காட்டர் பின் இருந்தால் ஒவ்வொரு முறையும் புதுசு போடுங்க. ஆணியை வளைத்து மாட்டுவது வேலைக்கு ஆகாது. இந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்குக் கம்பெனி பாகம் அல்லது நல்ல பெயருள்ள ஸ்பேர்ஸ்தான். கிடைக்கும்வரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.

மாட்டும்போது...

புது போல்ட்டை முதலில் கையால் சுற்றுங்க. சுத்தமான மரையில் கடைசிவரை விரலாலேயே போக வேண்டும். நடுவில் இறுகினால் நிறுத்துங்க. ஒன்று, உள்ளே அழுக்கு; இல்லை, அது தப்பான போல்ட்.

எவ்வளவு முடுக்குவது என்பதற்கு சர்வீஸ் மேனுவல்தான் வேதம். பொதுவாக 8.8 கிரேடில், இரும்போடு இரும்பு என்றால் எம்6-க்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 25, எம்10-க்கு 50. அலுமினியத்தில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பழைய மேனுவலில் கிலோகிராம் மீட்டர் என்று போட்டிருந்தால் 9.8-ஆல் பெருக்கிக்கோங்க.

மரை ஏற்கெனவே போயிருந்தால் பெரிய போல்ட்டை அடித்து ஏற்றாதீங்க. ஓட்டையைப் பெரிதாக்கி, டேப் போட்டு, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைச் சொருகிவிட்டால் பழைய அளவு போல்ட்டே திரும்ப மாட்டும். முறையாகச் செய்தால் அலுமினியத்தில் பழையதைவிட உறுதியாகவே நிற்கும்.

ரியர்வியூ மிரர் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: யமஹா வண்டிகள் பலவற்றில் வலது பக்க மிரருக்கு இடது மரை. வழக்கமான திசையில் திருப்பினால் கழறாது, இன்னும் இறுகும். 'துரு பிடிச்சிருக்கு' என்று பைப் போட்டுத் திருப்பும் முன் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்க.

புது போல்ட் போட்டு 50, 100 கிலோமீட்டர் ஓட்டியதும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்த்துடுங்க. பழைய வண்டியின் அதிர்வு, சரியான போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கும். அளந்து எழுதிய ஐந்து விவரங்களையும் போனில் ஒரு நோட்டாகச் சேமித்து வைங்க. அடுத்த முறை கடையில் போய் நிற்கும்போது, "கிட்டத்தட்ட இது மாதிரி" என்று கையைக் காட்ட வேண்டி வராது.